வச்சிரப் பசையிலிருந்து மீண்ட வல்லூறு

இங்கிலாந்தில் நான் வசிக்கும் ஊருக்கு அருகே நடந்த ஒரு சிறிய ஏலத்தில், ‘சீனத் தையல் படம், இருபதாம் நூற்றாண்டு’ என்ற குறிப்புடன் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பட்டுத் துணி இருந்தது. ஏறத்தாழ நான்கடி உயரம். சிவந்த மேப்பிள் கிளையில் அமர்ந்து தலையைத் திருப்பிப் பார்க்கும் ஒரு வல்லூறு. 2012ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் மெய்ஜி காலத்து (1868–1912) ஜப்பானிய அலங்காரத் துணிகளுக்கென்றே நடந்த கண்காட்சியை இரண்டு முறை பார்த்தவன் நான் என்பதால், அந்தக் குறிப்பின் மீது உடனே ஐயம் எழுந்தது. அதைச் சொல்லாமல் வாங்கியது நேர்மையா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: ஏலத்துக்கு முந்தைய நாளே சொன்னேன், அவர்கள் அட்டையை மாற்றவில்லை.

என் ஐயத்துக்குக் காரணம் இழைகள்தாம். மார்புத் தூவி முழுவதும் முறுக்கற்ற பட்டிழையால் தைக்கப்பட்டிருந்தது. முறுக்கில்லாத இழை ஒளியைப் பளபளப்பாகத் திருப்பித் தருவதால், தையலின் திசை மாறும் இடமெல்லாம் ஒரே நிறம் இரண்டு மூன்று நிறங்களாகத் தோன்றும். கால்களையும் நகங்களையும் மட்டும் இறுக முறுக்கிய இழையால், அடியில் பஞ்சு வைத்துப் புடைக்கத் தைத்திருந்தார்கள். கண்ணைச் சுற்றிய பொன்னிழை நம் ஜரிகையைப் போல உலோகக் கம்பியால் ஆனதன்று. அரக்கு பூசிய தாளில் தங்கத் தகட்டை ஒட்டி, மெல்லிய நாடாவாக நறுக்கி, நூலின் மேல் சுற்றியது. அதை ஊசியில் கோத்துத் தைக்க முடியாது; துணியின் மேல் கிடத்தி, மெல்லிய பட்டிழையால் இடைவிட்டு இடைவிட்டுக் கட்டித்தான் நிறுத்த வேண்டும்.

இத்தகைய துணிகள் பெரும்பாலும் கியோட்டோவில் உருவானவை. 1868க்குப் பின் பேரரசர் அங்கிருந்து டோக்கியோவுக்குக் குடிபெயர்ந்ததும் கியோட்டோவின் பட்டுத் தொழில் தன் பழைய வாடிக்கையாளர்களை இழந்தது. 1873இன் வியன்னா, 1876இன் ஃபிலடெல்ஃபியா உலகக் கண்காட்சிகள் மேலைநாட்டு வீடுகளின் சுவர்களைப் புதிய சந்தையாகக் காட்டின. டகாஷிமாயா, சிசோ போன்ற வணிக இல்லங்கள் கிஷி சிக்குடோ, தக்கெயுச்சி செய்ஹோ முதலிய ஓவியர்களிடம் மாதிரி வரையச் செய்து, அவற்றைத் தையற்கலைஞர்களிடம் ஒப்படைத்தன. வெளிநாட்டுக்கென்றே செய்ததால் ஜப்பானிலேயே இவை அரிது. இன்று அங்கே திரும்பிச் செல்லும் பழம்பொருள்களைச் ‘சாத்தோகாயேரி’ என்கிறார்கள். மணமான பெண் பிறந்தகம் வருவதைக் குறிக்கும் அந்தச் சொல்லுக்கு நான் விளக்கம் எழுதத் தேவையில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து சட்டத்தின் பின்புறத்தைத் திறந்தபோதுதான் சிக்கல் புரிந்தது. முன்பு யாரோ ஒருவர், துணி தொய்வதைத் தடுப்பதாக எண்ணி, தச்சர்கள் பயன்படுத்தும் வச்சிரப் பசையால் அதை ஒட்டுப்பலகையில் அப்பியிருந்தார். வெதுவெதுப்பான நீரில் அந்தப் பசை கரையும் என்று எனக்குத் தெரியும்; பஞ்சை நனைத்துக்கொண்டு உட்காராமல் இருந்ததே நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

துணிப் பாதுகாப்பு வல்லுநரைத் தேடிப் பிடிக்க நான்கு மாதங்கள் ஆயின. அவர் முதல் நாளில் துணியைத் தொடவேயில்லை. பக்கவாட்டிலிருந்து விளக்கைச் சாய்த்து, எழும்பி நிற்கும் ஒவ்வோர் இழையையும் படமெடுத்தார். அடுத்து, வலைத்துணியை மேலே விரித்து, மிகக் குறைந்த வேகத்தில் தூசியை உறிஞ்சி எடுத்தார். பிறகு ஈரமான பஞ்சுமுனையால் ஒவ்வொரு நிறத்தையும் சோதித்தபோது, மேப்பிள் இலையின் சிவப்பு பஞ்சில் இறங்கிவிட்டது. மெய்ஜி காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்த புதிய செயற்கைச் சாயங்கள் கியோட்டோவில் விரைவில் பரவின. அவற்றுள் பல நீரைத் தாங்குவதில்லை. ஆகவே நீர் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று.

எஞ்சிய வழி ஒன்றுதான்: துணியை முகங்குப்புறப் பஞ்சணையில் கிடத்தி, பலகையைப் பின்புறமிருந்து படலம் படலமாகச் சீவி எடுப்பது. பதினொரு வாரங்கள் அந்த வேலை நடந்தது. பசை பழைய பருத்தி உள்துணியோடு நின்றுவிட்டிருந்தது, பட்டை எட்டவில்லை. இதை அவர் தொலைபேசியில் சொன்ன மாலையில் எங்கள் வீட்டில் பாயசம் வைத்தோம். தையலைத் தாங்கும், வெடித்திருந்த அடிப்பட்டின் மேல், அதே நிறத்தில் சாயமேற்றிய, சல்லாப்போல் மெல்லிய பட்டைப் போர்த்தித் தைத்தார். செலவு ஏல விலையைப் போல மூன்று மடங்கு.

செய்தவர் யார் என்பதற்கு எந்த முத்திரையும் கிடைக்கவில்லை. இத்துணிகளில் பெரும்பாலானவற்றில் கையெழுத்து இருப்பதில்லை. ஓவியப் பாணி ஒத்துப்போகிறது என்பதற்காகப் பெரிய இல்லமொன்றின் பெயரைச் சூட்டிவிடலாம் என்று ஒரு வணிகர் யோசனை சொன்னார். விலை ஏறும் என்பது உண்மைதான். எனக்கு மனம் ஒப்பவில்லை.

இப்போது வல்லூறு வெயில் படாத மாடிப்படிச் சுவரில், ஐம்பது லக்ஸுக்கு மேற்படாத வெளிச்சத்தில், ஆண்டுக்கு மூன்று மாதங்கள் மட்டும் தொங்குகிறது. மற்ற மாதங்களில் அமிலமற்ற தாள் போர்த்திய பெட்டியில், மடிப்பின்றிக் கிடக்கிறது. பெட்டியின் மேல் நானே எழுதி ஒட்டிய சீட்டில் ‘கியோட்டோ, மெய்ஜி காலம், தைத்தவர் பெயர் இல்லை’ என்று இருக்கிறது.