செட்டிங்ஸா, கண்ட்ரோல் பேனலா: விண்டோஸில் எதை எங்கே மாற்றுவது

பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு வீடியோ அழைப்பு வருகிறது. பாட்டின் ஒலி தானாகவே அடங்கிப் போகிறது. விண்டோஸ் 11-இல் இதை நிறுத்த வேண்டுமென்றால் யாரும் முதலில் போவது செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட். அந்தப் பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை தேடினாலும் இதற்கான பட்டன் இல்லை. கடைசியில் 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். அதைத் தட்டினால் விண்டோஸ் 7 காலத்துச் சின்னப் பெட்டி ஒன்று திறக்கும். அதில் நான்கு டேப். கடைசி டேப் 'கம்யூனிகேஷன்ஸ்'. அங்கே, அழைப்பு வந்தால் மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறை என்று முன்கூட்டியே தேர்வாகியிருக்கும். அதை 'டூ நத்திங்' என்று மாற்றி ஓகே கொடுத்தால் முடிந்தது.

முப்பது நொடி வேலை. ஆனால் இடம் தெரியாதவருக்கு அரை மணி நேரம். எரிச்சல் அங்கேதான் தொடங்குகிறது.

அந்தச் சின்னப் பெட்டி, விண்டோஸின் பழைய அமைப்பு இடமான கண்ட்ரோல் பேனலைச் சேர்ந்தது. கண்ட்ரோல் பேனல் 1985-இல் வந்த முதல் விண்டோஸிலேயே இருந்தது. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது, தொடுதிரைக்கென்று 'பிசி செட்டிங்ஸ்' என்று தனியாக ஒன்றைப் பக்கத்தில் வைத்தார்கள். 2015-இல் விண்டோஸ் 10 அதைச் 'செட்டிங்ஸ்' ஆக்கியது. அன்றிலிருந்து பழைய வீட்டிலிருந்து புதிய வீட்டுக்குச் சாமான் மாறிக்கொண்டே இருக்கிறது, குடிபெயர்ப்பு மட்டும் முடியவில்லை. 2024 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்டின் உதவிப் பக்கம் ஒன்று, கண்ட்ரோல் பேனல் கைவிடப்பட்டு வருகிறது என்று சொன்னது. செய்தி பரவியதும், பல அமைப்புகள் செட்டிங்ஸுக்கு மாற்றப்பட்டு வருகின்றன என்று அந்த வாசகத்தையே மென்மையாக்கிவிட்டார்கள்.

இரண்டு இடம் இருப்பது மட்டும் பிரச்சினை என்றால் பழகிவிடலாம். சில அமைப்புகளில் இரண்டு திரையும் ஒரே மதிப்பைத்தான் மாற்றுகின்றன. சிலவற்றில் பெயர் ஒன்றுபோல இருக்கும், மாறுவது வேறு வேறு. சிலது ஒரு பக்கத்தில் மட்டும்தான் உண்டு. எது எந்த வகை என்று திரை சொல்வதில்லை. தெரிந்துகொண்டால் பாதித் தலைவலி குறையும்.

கீழே வரும் கட்டளைகளை ரன் பெட்டியில் (விண்டோஸ் கீயும் ஆர் எழுத்தும்) தட்ட வேண்டும். ஆங்கிலச் சிறிய எழுத்துகள், நடுவே இடைவெளி கிடையாது, கடைசியில் ஒரு புள்ளியும் சி-பி-எல் என்ற மூன்று எழுத்தும். கண்ட்ரோல் பேனலின் பழைய பெட்டிகள் பல, சிஸ்டம்32 ஃபோல்டரில் இந்த வால் ஒட்டிய ஃபைல்களாகத்தான் கிடக்கின்றன. மேலே சொன்ன ஒலிப் பெட்டிக்கு எம்-எம்-எஸ்-ஒய்-எஸ், அதாவது முழுதாக mmsys.cpl. மெனுக்கள் ஒவ்வொரு அப்டேட்டிலும் இடம் மாறும், இந்தப் பெயர்கள் பல ஆண்டுகளாக அப்படியே இருக்கின்றன.

அதே ஒலிப் பெட்டியில் இன்னொன்றும் பார்க்கலாம். 'பிளேபேக்' டேப்பில் ஒரு கருவிக்குப் பச்சை டிக்கும் வேறொரு கருவிக்குப் பச்சை ஃபோன் சின்னமும் இருந்தால், பாட்டு ஒன்றிலும் அழைப்பு இன்னொன்றிலும் கேட்கும். ஹெட்செட்டை மாட்டிய பிறகும் அழைப்பு மட்டும் ஸ்பீக்கரில் ஒலிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வேண்டிய கருவியின் மேல் ரைட் கிளிக் செய்து இரண்டு வேலைக்கும் அதையே டிஃபால்ட் ஆக்குங்கள்.

மவுஸ் வேகம் முதல் வகை. செட்டிங்ஸிலும் ஸ்லைடர் உண்டு, பழைய மவுஸ் பெட்டியிலும் (கட்டளை: மெயின்) 'பாயின்டர் ஆப்ஷன்ஸ்' டேப்பில் உண்டு. இரண்டும் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ஏடு) ஒரே இடத்தில்தான் எழுதுகின்றன. வேடிக்கை என்னவென்றால், பயனருக்கான பிரிவில் அந்த இடத்தின் பெயரே 'கண்ட்ரோல் பேனல்'. உள்ளே 'மவுஸ்'. புதிய செட்டிங்ஸும் தன் கணக்கைப் பழைய வீட்டு ஏட்டில்தான் எழுதுகிறது. ஆனால் அளவுகோல் வேறு. செட்டிங்ஸ் ஸ்லைடரில் 1 முதல் 20 வரை எல்லா எண்ணும் உண்டு. பழைய ஸ்லைடரில் பதினொரு நிறுத்தங்கள்தான்: 1, பிறகு 2, 4, 6 என்று இரண்டிரண்டாக 20 வரை. நடுவில் இருக்கும் ஆறாவது நிறுத்தம்தான் 10, அதுதான் டிஃபால்ட். செட்டிங்ஸில் 11 வைத்தால் அதற்குப் பழைய ஸ்லைடரில் இடமே கிடையாது. மவுஸ் நகர்வை அப்படியே திரையில் கேட்பவர்கள், விளையாட்டுக்காரர்கள் முக்கியமாக, 10-ஐ விட்டு நகராமல் 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்' டிக்கை எடுத்துவிடுவது நல்லது. டிக் இருந்தால் கை நகரும் வேகத்துக்கு ஏற்ப அம்புக்குறி போகும் தூரமும் மாறும், அப்போது ஸ்லைடர் எண்ணுக்குத் துல்லியமான பொருள் இல்லை.

மின்சாரம்தான் மிக மோசம். செட்டிங்ஸில் இருப்பது 'பவர் மோட்', கண்ட்ரோல் பேனலில் இருப்பது 'பவர் பிளான்'. பார்த்தால் ஒன்றே போலத் தெரியும். உண்மையில் பிளான் என்பது அடிப்படை, மோட் என்பது 'பேலன்ஸ்டு' பிளானின் மேல் பூசும் ஒரு பூச்சு. அதனால் பிளானை 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' ஆக்கிவிட்டு செட்டிங்ஸுக்குப் போனால் மோட் மாற்ற முடியாமல் கிடக்கும். கணினியில் எதுவும் கெட்டுப்போகவில்லை. பவர்-சி-எஃப்-ஜி என்று தட்டிப் பழைய பெட்டியைத் திறந்து, பிளானை 'பேலன்ஸ்டு' ஆக்கினால் மோட் திரும்ப உயிர் பெறும். புதிய லேப்டாப்களில் பலவற்றில் 'பேலன்ஸ்டு' தவிர வேறு பிளானே காட்டாது. அதுவும் பழுதில்லை: 'மாடர்ன் ஸ்டாண்ட்பை' (ஃபோனைப் போல அரைத்தூக்கத்தில் கிடக்கும் வசதி) கொண்ட கணினிகளில் அப்படித்தான். அங்கே மோட் மட்டும் மாற்றினால் போதும்.

அதே பெட்டியில்தான் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' ஒளிந்திருக்கிறது. இடப்பக்கம் 'சூஸ் வாட் தி பவர் பட்டன்ஸ் டூ' என்ற லிங்க். திறந்தால் கீழே அந்த டிக் மங்கிப்போய் இருக்கும், தொட முடியாது. மேலே 'சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரன்ட்லி அன்அவெய்லபிள்' என்ற வரியைத் தட்டிய பிறகுதான் அது விழித்துக்கொள்ளும். அட்மின் அனுமதி வேண்டிய இடம் என்பதை இதைவிடக் குழப்பமாகச் சொல்லியிருக்க முடியாது. டிக்கை எடுத்து, 'சேவ் சேஞ்சஸ்' கொடுங்கள். அந்த டிக்கே காணோம் என்றால் ஹைபர்னேட் (நினைவில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணையும் வசதி) அணைந்திருக்கிறது என்று பொருள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஹைபர்னேட்டின் முதுகில் சவாரி செய்வது.

இதை ஏன் அணைக்க வேண்டும்? ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கும்போது 'ஷட் டவுன்' கொடுத்தாலும் கணினி முழுதாக நிற்பதில்லை. பயனரை வெளியேற்றிவிட்டு, விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலை டிஸ்க்கில் எழுதி வைத்து, அடுத்த முறை அதையே எடுத்துக்கொள்கிறது. கோளாறான டிரைவர் ஒன்று நினைவில் இருந்தால், அணைத்துப் போட்டாலும் அதே நிலையில் திரும்பி வரும். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், சிபியு பக்கத்தில் 'அப் டைம்' பாருங்கள். தினமும் அணைக்கிற கணினியில் அது நாட்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தால் காரணம் இதுதான். 'ரீஸ்டார்ட்' மட்டும் எப்போதும் முழுமையானது. ஒருமுறை மட்டும் முழுதாக அணைக்க வேண்டுமென்றால் ஷிஃப்ட் கீயைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுனைத் தட்டலாம். அதே கணினியில் லினக்ஸும் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் அணைக்க வேண்டும், இல்லையென்றால் விண்டோஸ் பார்டிஷன் பாதி திறந்த நிலையில் இருக்கும், லினக்ஸ் அதில் எழுத மறுக்கும்.

நெட்வொர்க் பக்கம் வந்தால், நிலையான ஐபி (நெட்வொர்க்கில் கணினிக்கான மாறாத முகவரி) கொடுக்கிறவர்களை விண்டோஸ் 10 நன்றாகப் பழிவாங்கியது. பழைய பெட்டியில் (என்-சி-பி-ஏ) கேட்பது சப்நெட் மாஸ்க் (முகவரியில் எவ்வளவு பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று சொல்வது): 255.255.255.0. விண்டோஸ் 10 செட்டிங்ஸில் அதே இடத்தில் 'சப்நெட் பிரிஃபிக்ஸ் லெங்த்' என்று கேட்டார்கள். அதே மாஸ்க்கைப் பிட் எண்ணிக்கையில் சொல்வது அது, விடை 24. பழக்கத்தில் 255.255.255.0 தட்டினால், சேமிக்க முடியவில்லை, அமைப்புகளைச் சரிபார்க்கவும் என்று மட்டும் சொல்லும், எந்தக் கட்டத்தில் தவறு என்று சொல்லாது. 255.255.0.0 என்றால் 16, 255.255.255.128 என்றால் 25. விண்டோஸ் 11-இல் மீண்டும் மாஸ்க்குக்கே வந்துவிட்டார்கள். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது, ஆனால் அந்தக் கணினிகள் இன்னும் ஓடுகின்றன, குழப்பமும் கூடவே ஓடுகிறது. பழைய பெட்டியிலும் ஒரு பொறி உண்டு: 10 என்று தொடங்கும் முகவரியைத் தட்டிவிட்டு டேப் கீயை அழுத்தினால், மாஸ்க்கை அதுவாகவே 255.0.0.0 என்று நிரப்பும். உங்கள் நெட்வொர்க் 24 பிட் என்றால் கையால் திருத்த வேண்டும்.

வைஃபையில் டிஎன்எஸ் (இணையதளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) மாற்றுவது இன்னொரு விதம். விண்டோஸ் 11-இல் இணைந்திருக்கும் நெட்வொர்க்கின் பண்புகளிலும் டிஎன்எஸ் கட்டம் உண்டு, 'ஹார்டுவேர் ப்ராப்பர்ட்டீஸ்' பக்கத்திலும் உண்டு. முன்னது அந்த ஒரு நெட்வொர்க்குக்கு மட்டும், பின்னது எல்லா வைஃபைக்கும். ஹார்டுவேர் பக்கத்தில் ஏதாவது வைத்திருந்தால் தனி நெட்வொர்க் பக்கத்தில் போட்டது செல்லாது. மாற்றியும் மாறவில்லை என்றால் முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.

கூடுதல் வசதிகளைச் சேர்க்கும் இடத்தில் பெயர்களே சண்டை போடுகின்றன. 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' செட்டிங்ஸில் இருப்பது, 'டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்' பழைய பெட்டி. ஓபன்எஸ்எஸ்எச் சர்வர் (வேறு கணினியிலிருந்து இதற்குள் நுழைய உதவுவது) வேண்டுமென்றால் முதலாவது. டெல்நெட் கிளையன்ட் (வேறு கணினியோடு இணையும் பழைய கருவி), ஹைப்பர்-வி (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டுவது) வேண்டுமென்றால் இரண்டாவது. இரண்டும் வெவ்வேறு பட்டியல்கள், வெவ்வேறு வகைப் பொதிகள். ஒன்றில் இல்லை என்றால் அந்த வசதியே இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். ஆப்களை நீக்குவதிலும் இதே கதை: ஸ்டோரில் வாங்கிய ஆப்கள் பழைய 'புரோகிராம்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்' பட்டியலில் தெரியாது, செட்டிங்ஸில்தான் தெரியும்.

ஓகே, கேன்சல், அப்ளை பற்றியும் சொல்ல வேண்டும், கை தவறுவது அதிகம் இங்கேதான். பழைய பெட்டிகள் பலவற்றில் மாற்றியது ஓகேயோ அப்ளையோ கொடுக்கும்வரை நிலைக்காது, எஸ்கேப் அடித்து வெளியேறலாம். செட்டிங்ஸில் தொட்ட கணமே மாறிவிடும், கேன்சல் கிடையாது. ஆனால் ஐபி திருத்தும் கட்டம் போன்ற சில இடங்களில் 'சேவ்' உண்டு. திரை ரெசல்யூஷனை மாற்றினால் 15 நொடிக்குள் உறுதி செய்யாவிட்டால் தானாகத் திரும்பிவிடும். ஒரே ஆப்புக்குள் மூன்று விதிகள். போதாததற்குச் செட்டிங்ஸ் ஒரே ஒரு ஜன்னலாகத்தான் திறக்கும். ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைத் திறந்தால் முதல் பக்கம் காணாமல் போகும். இரண்டையும் ஒப்பிட ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பதைத் தவிர வழியில்லை. லினக்ஸில் கேடிஇ டெஸ்க்டாப்பின் செட்டிங்ஸில், டிஃபால்ட்டிலிருந்து மாற்றியவற்றை மட்டும் தனித்துக் காட்டும் வசதி இருக்கிறது. விண்டோஸில் அது ஒன்று வந்தாலே பாதிப் புலம்பல் அடங்கும்.

திரை பூட்டிக்கொள்ளவில்லை என்ற புகாரும் இந்த வகைதான். திரையை அணைக்கும் நேரம் பவர் பக்கத்தில். தூக்கத்திலிருந்து எழும்போது கடவுச்சொல் கேட்பது 'அக்கவுன்ட்ஸ்', 'சைன்-இன் ஆப்ஷன்ஸ்' பக்கத்தில். டெஸ்க்டாப் கணினியில் திரை அணைவதும் கணினி தூங்குவதும் ஒன்றல்ல, அதனால் 10 நிமிடத்தில் திரை இருண்டாலும் மவுஸை அசைத்தால் பூட்டில்லாமல் திறந்துகொள்ளும். தூங்க விடாமல் பூட்ட மட்டும் வேண்டுமென்றால் ஸ்கிரீன் சேவரைத்தான் நாட வேண்டும்: பர்சனலைசேஷன், லாக் ஸ்கிரீன், ஸ்கிரீன் சேவர். 'பிளாங்க்' தேர்ந்தெடுத்து, நிமிடம் கொடுத்து, 'ஆன் ரெஸ்யூம்' டிக்கைப் போடுங்கள்.

டாஸ்க்பாரில் நீங்கள் சேர்க்காத கீபோர்டு ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டு, செட்டிங்ஸின் பட்டியலிலும் இல்லாமல் நீக்கவும் முடியாமல் இருந்தால், அது பெரும்பாலும் வெல்கம் திரையின் கணக்கில் இருப்பது. ஐ-என்-டி-எல் என்று தட்டி, 'அட்மினிஸ்ட்ரேட்டிவ்' டேப்பில் 'காப்பி செட்டிங்ஸ்' திறந்தால் உங்கள் கணக்கு, வெல்கம் திரை, புதிய கணக்குகள் மூன்றுக்கும் எந்தக் கீபோர்டு என்று தனித்தனியாகக் காட்டும். உங்கள் பட்டியல் சரியாக இருந்தால் வெல்கம் திரைக்கான டிக்கைப் போட்டு ஓகே கொடுத்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள். ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழையும்போது மட்டும் அந்தக் கீபோர்டு வருகிறதென்றால் அதை அனுப்புவது எதிர்முனைக் கணினி. இங்கே எதை நீக்கினாலும் அடுத்த முறை திரும்ப வரும், அந்த முனையில்தான் நீக்க வேண்டும்.