கொழுப்பு மாத்திரையும் இரும்பு மாத்திரையும்

ஆகஸ்ட் 4

ரிப்போர்ட் வந்துவிட்டது. ஹீமோகுளோபின் 9.6, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 8. கர்ப்பப்பைக் கட்டியால் மாதாமாதம் போகிற ரத்தத்துக்கு இது எதிர்பார்த்ததுதான். டாக்டரம்மா இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். சர்க்கரை இருப்பதால் ஏற்கெனவே கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் வகை மாத்திரை, அட்டோர்வாஸ்டாடின் 10, ஓடிக்கொண்டிருக்கிறது. போனில் சொன்னதும் அக்கா பதறினாள்: "ரெண்டையும் சேர்த்துப் போடாதடீ, கொழுப்பு மாத்திரை இரும்பைக் குறைச்சிடுமாம்!" வாட்ஸ்அப் தந்த ஞானம்.

ஆகஸ்ட் 7

வாட்ஸ்அப் என்று ஒதுக்கிவிட முடியவில்லை, தேடினால் உள்ளே ஒரு கதை இருக்கிறது. மாதவிடாய் நிற்கும்வரை பெண்களுக்கு மாரடைப்பு குறைவு. ரத்தத்தோடு இரும்பும் வெளியேறுவதுதான் காரணமோ என்று 1981இல் ஜெரோம் சல்லிவன் என்ற ஆய்வாளர் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். அதிக இரும்பு எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பை ஆக்சிஜனேற்றம் செய்யும், அது ரத்தக்குழாய்க்குக் கெடுதல் என்பது வாதம்.

அதைச் சோதிக்க அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் ஓர் ஆய்வு நடந்தது. கால் ரத்தக்குழாய் அடைப்புள்ள 1277 பேர். ஒரு பிரிவினருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து இரும்பைக் குறைத்தார்கள். 2007இல் முடிவு வந்தது: மொத்தத்தில் இறப்பு விகிதத்தில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை, வயது குறைந்தவர்களுக்கு மட்டும் பலன் இருந்தாற்போல் தெரிந்தது. அதே தரவை 2013இல் மறுபடி அலசியபோது, ஸ்டாடின் எடுத்தவர்களுக்கு ஃபெரிட்டின் குறைவாக இருந்தது. அக்காவின் செய்திக்கு மூலம் இதுவாகத்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 8

ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் ஆண்கள், ஃபெரிட்டின் சராசரி 100க்கு மேல். எனக்கு 8! இன்னொன்று: ஃபெரிட்டின் வெறும் இரும்புக் கணக்கு அல்ல, உடம்பில் அழற்சி இருந்தாலே ஏறும். ஸ்டாடின் அழற்சியையும் தணிக்கும். ஆக, எண் இறங்கியதாலேயே இரும்பு பறிபோனது என்று ஆகிவிடாது. மாத்திரை போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்ட கணக்கு அது. எது எதனால் என்று அதை வைத்துச் சொல்லிவிடவும் முடியாது.

ஆகஸ்ட் 12

டாக்டரம்மாவிடமே கேட்டேன். அட்டோர்வாஸ்டாடினுக்கும் இரும்புக்கும் சண்டை இல்லை, இரண்டையும் தொடரலாம் என்றார். கொழுப்புக்குத் தரும் கொலஸ்டிரமின் பொடி வேறு கதை: அது குடலிலேயே இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் மற்ற மாத்திரைகளை அதற்கு ஒரு மணி நேரம் முன்போ, நான்கிலிருந்து ஆறு மணி நேரம் பின்போ போட வேண்டும். எனக்கு அந்தப் பொடி இல்லை. காபி, டீ, பால், அசிடிட்டி மருந்து இவற்றோடு இரும்பைச் சேர்க்காதீர்கள் என்றார். காபியைத் தள்ளிப்போடுவதுதான் கஷ்டம்.

ஆகஸ்ட் 16

அக்கா வந்திருக்கிறாள். காலையில் பார்த்தால் தைராய்டு மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒரே மடக்கில் விழுங்கி, உடனே ஃபில்டர் காபி! என் இரும்புக்குக் கவலைப்பட்டவள். குடலில் இரும்பு, தைராய்டு மாத்திரையிலுள்ள தைராக்ஸினோடு ஒட்டிக்கொண்டு, அதை உள்ளே போகவிடாது. நாலு மணி நேர இடைவெளி வேண்டும். தைராய்டு டோஸை ஏற்றிக்கொண்டே போகிறார்கள் என்று போன மாதம்தான் புலம்பினாள். இரும்பை மதியத்துக்கு மாற்றியாயிற்று. ஆறு வாரம் கழித்து டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்த்து, டோஸை அவளுடைய டாக்டர் முடிவு செய்யட்டும்.