அருங்காட்சியகத் தாவரவியல் பிரிவில் ஹெர்பேரியம் பார்த்த அனுபவம்

கிலுகிலுப்பை (குரோட்டலேரியா) என்ற செடிப் பேரினத்தில் ரெட்டூசா, ஸ்பெக்டபிலிஸ் என்ற இரண்டு இனங்களைப் பிரித்தறிவது கடினம். இரண்டுக்கும் மஞ்சள் பூ, ஒரே மாதிரி இலை. பூக்காம்படியில் இருக்கும் செதிலைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்: ரெட்டூசாவில் அது மிகச் சிறியது, ஸ்பெக்டபிலிஸில் அகன்ற முட்டை வடிவம். நான் சேகரித்த செடி காய்த்துவிட்டது; மிஞ்சிய செதில்களும் சுருண்டிருந்தன. புத்தகத்தை வைத்து முடிவுக்கு வர முடியவில்லை. அதனால் அருங்காட்சியகத்தின் ஹெர்பேரியத்துக்கு, அதாவது உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டி வைத்திருக்கும் சேகரிப்புக்கு, போனேன்.

பார்வையாளர் கூடத்தில் இருப்பது கொஞ்சம்தான். ஆய்வுக்கான உலர்தாவரத் தாள்கள் எல்லாம் உள்ளே, பூட்டிய அலமாரிகளில். எந்த ஹெர்பேரியத்தில் என்ன இருக்கிறது என்று அறிய நியூயார்க் தாவரவியல் பூங்கா நடத்தும் ‘இண்டெக்ஸ் ஹெர்பேரியோரம்’ என்ற உலக ஹெர்பேரியங்களின் பட்டியல் உதவும். லண்டன் கியூ தாவரவியல் பூங்கா என்றால் கே (K), பாரிஸ் என்றால் பி (P) என ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு குறியீடு உண்டு.

அனுமதிக் கடிதத்தில் ‘கிலுகிலுப்பை பார்க்க வேண்டும்’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். இந்தப் பேரினத்தில் ஏறத்தாழ 700 இனங்கள் இருக்கின்றன. எந்த இனம், அதன் பழைய பெயர்கள் என்ன, அளக்கப் போகிறீர்களா, படம் எடுக்கப் போகிறீர்களா என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஸ்பெக்டபிலிஸ் பழைய தாள்களில் செரிசியா என்றும் இருக்கும். அதையும் நான் குறிப்பிட்டதால் அந்தக் கட்டும் மேசைக்கு வந்தது.

ஒப்பிடக் கொண்டுபோன என் மாதிரிகளை வாசலிலேயே வாங்கி, பையில் மூடி உறைபெட்டியில் வைத்துவிட்டார்கள். பல நாள் கடும் குளிரில் இருந்தால்தான் வண்டும் முட்டையும் சாகும். ஒரு வண்டு புகுந்தாலும் அலமாரி முழுக்கப் பாழாகும் என்பதால் இந்தக் கண்டிப்பு மிகச் சரி. அதனால் மாதிரிகளை முன்கூட்டியே அனுப்பிவிடுவது நல்லது. பழைய தாள்களுக்குப் பூச்சி வராமலிருக்கப் பாதரச குளோரைடு பூசும் வழக்கம் இருந்தது; அது நஞ்சு என்பதால் கையுறை கட்டாயம்.

தாள்களைப் புத்தகம்போலப் புரட்டக் கூடாது. இரு கையாலும் தூக்கி, செடி மேலே பார்க்கும்படியே நகர்த்தி வைக்க வேண்டும். பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டும்.

ஒரு தாளில் பூ பழுப்பாகிப் போயிருந்தது. மஞ்சள் என்பதை லேபிள்தான் சொன்னது. மூலையில் ஒட்டிய காகித உறையை ஊழியர் பிரித்துக் காட்டினார்: சில விதைகள், உதிர்ந்த ஒரு செதில். பூதக்கண்ணாடியில் அதன் அகன்ற அடிப்பகுதி துல்லியமாகத் தெரிந்தது. உதிர்ந்ததையும் பத்திரப்படுத்திய அந்தச் சேகரிப்பாளருக்கு என்றென்றும் நன்றி. மொட்டு, பூ, காய் என எல்லா நிலையிலும் தாள்கள் இருந்ததால், செதில் காயும்போது எப்படிச் சுருள்கிறது என்பதும் விளங்கியது. புத்தக வருணனையில் இது கிடைக்கவே கிடைக்காது. என் செடி ஸ்பெக்டபிலிஸ்தான்.

சில தாள்களில் மூன்று பெயர்ச் சீட்டுகள்கூட இருந்தன. பழைய பெயரை யாரும் அடிப்பதில்லை. பக்கத்தில் புதிய சீட்டு, பெயர், தேதியோடு ஒட்டப்படும். யார் எப்போது என்ன நினைத்தார்கள் என்ற வரலாறு அப்படியே நிற்கிறது.

1943-இல் பெர்லின் ஹெர்பேரியம் குண்டுவீச்சில் எரிந்தபோது எண்ணற்ற வகைமாதிரிகள் (ஓர் இனத்தின் பெயருக்கு அடிப்படையான மூல மாதிரிகள்) அழிந்தன. வேறு ஊர்களில் இருந்த இரட்டைத் தாள்களும் (ஒரே சேகரிப்பின் மறுபடிகள்) முன்பே எடுத்த புகைப்படங்களும்தான் பின்னால் கைகொடுத்தன. அதனால் என் மாதிரியில் ஒன்றை அங்கேயே கொடுத்து, இன்னொன்றை வேறொரு ஹெர்பேரியத்துக்கு அனுப்பினேன். இடம், உயரம், பூ நிறம், தேதி நான்கும் லேபிளில் இருந்தால்தான் ஏற்றுக்கொள்வார்கள். செடியைப் பறிக்கும்போதே எழுதிவிடுங்கள்.