212 கிராம்: மெர்ச்சண்டைசர் மேசைக் கணக்கு

திருப்பூர் ஏற்றுமதி கம்பெனிகளின் ஆபீஸில் புதிதாகச் சேருகிறவர்களில் பலர் மெர்ச்சண்டைசிங்கில், அதாவது வாங்குபவருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில்தான் உட்காருவார்கள். பயருக்கு (ஆர்டர் கொடுத்து வாங்குகிற கம்பெனிக்கு) மெயில் போடக் கற்பதற்கு முன்னால் துணிக் கணக்கைக் கற்றுக்கொள்ளுங்கள். விலை, நூல் ஆர்டர், லாபம் மூன்றும் அதன்மேல்தான் நிற்கின்றன.

ஆண்கள் ரவுண்டு நெக் டி-ஷர்ட், 160 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை 160 கிராம்) சிங்கிள் ஜெர்சி பின்னல் துணி என்று வைத்துக்கொள்வோம். உயரம் 72 செ.மீ., கை நீளம் 22, மடிப்பு தையலுக்கு 10, கூட்டினால் 104. மார்பு அகலம் 54, தையலுக்கு 4, ஆக 58. முன், பின் இரண்டு பக்கம் என்பதால் 104 × 58 × 2 = 12,064 சதுர செ.மீ. அதாவது 1.2064 சதுர மீட்டர். 160-ஆல் பெருக்கினால் 193 கிராம். கட்டிங் வேஸ்ட் 10 சதவீதம் சேர்த்தால் 212. 5,000 பீஸுக்கு 1,060 கிலோ. கழுத்துப் பட்டைக்கான ரிப் துணி தனிக்கணக்கு. சாயத்தில் குறையும் எடைக்கு நூலைக் கூடுதலாக வாங்க வேண்டும்.

இதே துணி 170 ஜிஎஸ்எம்மாக வந்துவிட்டால்? அதே 1,060 கிலோவில் 4,700 பீஸ்தான் விழும். முந்நூறு பீஸ் குறைவது கட்டிங் டேபிளில்தான் தெரியும். அப்போது மறுபடி நூல் வாங்கி, நிட்டிங் ஓட்டி, சாயம் போட நாள் இருக்காது. அதனால் காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காமல் இருக்க அமுக்கிவிடும் கடைசி வேலை) முடிந்து துணி வந்ததுமே ரவுண்டு கட்டரால் வெட்டி எடை போடுங்கள். அந்த வட்டம் 100 சதுர செ.மீ.; தராசு 1.60 கிராம் காட்டினால் 160 ஜிஎஸ்எம். ஒரே ரோலில் பார்த்துவிட்டு விட்டுவிடக் கூடாது.

அடுத்து ஷேட், அதாவது நிறம். சாயப்பட்டறையிலிருந்து லேப் டிப், அதாவது சாயம் போட்ட சிறு மாதிரித் துண்டுகள், ஏ, பி, சி என்று வரும். ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து அனுப்பவே அனுப்பாதீர்கள். லைட் பாக்ஸில், அதாவது நிறம் பார்க்கும் விளக்குப் பெட்டியில், டி65, டிஎல்84 என்ற இரண்டு விளக்குகளிலும் பாருங்கள். பகல் வெளிச்சமான டி65-இல் ஒத்துப்போகிற நேவி, கடை விளக்கான டிஎல்84-இல் சிவப்படிக்கலாம். சாயக் கலவை மாறினால் இப்படித்தான் ஆகும். எந்த விளக்கை முதன்மையாக வைத்துப் பார்ப்பார்கள் என்று பயரிடம் முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். ரிப்பையும் பாடித் துணியையும் ஒரே லாட்டில் (ஒரே தடவையில்) சாயம் போடச் சொல்லுங்கள். தனித்தனியாகப் போட்டால் கழுத்து மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். அதைத் தைத்த பிறகு சரிசெய்யவே முடியாது.

ஜெர்மனி, பிரான்ஸ் பயர்கள் என்றால் அவர்களின் காலை 9 மணி நமக்குக் குளிர்காலத்தில் மதியம் 1.30, கோடையில் 12.30. சாம்பிள் போட்டோ, அளவு ரிப்போர்ட், சந்தேகங்கள் எல்லாவற்றையும் அதற்குள் அனுப்பிவிட்டால் அன்றே பதில் வரும். மாலையில் அனுப்பினால் ஒரு நாள் போய்விடும். ஃபிட் (அளவு பொருத்தம்), சைஸ் செட் (எல்லா சைஸும்), பிபி (உற்பத்திக்கு முந்தைய) சாம்பிள் என்று மூன்று சுற்றிலும் இப்படி நழுவினால் நிட்டிங்குக்கு வைத்திருந்த நாட்கள் கரைந்துவிடும்.

கடைசி இன்ஸ்பெக்ஷனில் ஏக்யூஎல் (ஏற்கத்தக்க பழுது அளவு) 2.5, சோதனை லெவல் 2 என்றால் 5,000 பீஸில் 200-ஐ எடுத்துப் பார்ப்பார்கள். 10 பழுது வரை பாஸ், 11 வந்தால் ஃபெயில். ஃபெயிலானால் பெட்டிகளைப் பிரித்து முழுக்க மறு செக்கிங். தூத்துக்குடியில் கப்பல் தவறி சரக்கு விமானத்தில் போனால், தாமதம் நம்முடையது என்பதால் அந்தச் செலவும் பெரும்பாலும் நம் தலையில்தான்.