எதன்மேல் முளைத்தது?

காட்டு உயிர்க் கணக்கெடுப்பில் காளான் வேலை என் தலையில் விழுந்ததற்குக் காரணம், வேறு யாரும் அதைக் கேட்கவில்லை. யானை, சிறுத்தை என்றால் போட்டி நடக்கும். கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டி, ஊரிகம் பக்கம் வெக்காலி, ஆச்சா, துரிஞ்சல் மரங்கள் நிற்கிற வறண்ட காடு. 2014-இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட 504 சதுர கிலோமீட்டரில் ஈரமே அபூர்வம், அங்கே காளானுக்கு என்ன வேலை என்று கேலி பேசியவர்களும் உண்டு.

ஈரம் புற்றுக்குள் இருக்கிறது. நல்ல மழைக்குப் பிறகு, புற்றைச் சுற்றி இறுகிப்போன செம்மண்ணைக் குத்திக்கொண்டு புற்றுக்காளானின் கூர்நுனி வெளியே வரும். சீக்கிரம் விரியும், சீக்கிரமே புழுத்துப்போகும். கூட வந்த வனக் காவலர் அண்ணன்தான் எடுக்கும் விதத்தைக் காட்டினார். "இழுத்தா அறுந்துடும் தம்பி, மண்ணைத் தள்ளிக்கிட்டே போங்க." தள்ளத் தள்ளத் தண்டு மெலிந்து வேர் மாதிரி கீழே இறங்கியது. அது போய் முடிந்த இடம் கறையானின் அறை. சருகையும் கட்டையையும் தின்று கழித்து அது கட்டிய அடை, மேலே குண்டூசித் தலையளவு வெள்ளை மணிகளாகப் பூஞ்சை. மழைக்குப் பிறகு காளானாக வெளியே வருவது இந்தப் பூஞ்சைதான். கறையானால் தானாகச் செரிக்க முடியாத மரச்சத்தைப் பூஞ்சை பக்குவமாக்கித் தருகிறது. பூஞ்சைக்கு இருட்டும் ஈரமும் கிடைக்கிறது. கறையான் இல்லாமல் இந்தக் காளானைப் பண்ணையில் விளைவிக்க முடிவதில்லை. (குழம்பு வைத்தால் கறி தோற்றுப்போகும், அது வேறு கதை.)

எனக்குக் கொடுத்த படிவத்தில் இருந்தது 'உண்டு', 'இல்லை' என்று இரண்டே கட்டம். மழை பொய்த்த வருடம் எல்லாப் புற்றுக்கும் 'இல்லை' என்று எழுத வேண்டும். ஆனால் பூஞ்சை உள்ளே உயிரோடுதான் இருக்கும். விழுந்த மரத்தில் தட்டுத்தட்டாக ஒட்டிக் காய்ந்து நிற்கும் காளானோ கோடையிலும் கண்ணில் படும், பட்டியலில் அதன் கை ஓங்கிவிடும். காளானை மட்டும் எண்ணினால் மழையைத்தான் எண்ணுகிறோம். ஆகவே ஓரத்தில் எழுதத் தொடங்கினேன்: புற்றில் கறையான் இருக்கிறதா, கரடி தோண்டியதா, பட்ட மரம் கிடக்கிறதா, விறகுக்குப் போய்விட்டதா.

ஊர் எல்லையில் மஞ்சள் பூசிய அம்மன் புற்றை யாரும் தொடுவதில்லை. பக்கத்துக் கொல்லையில் டிராக்டர் விட்டுச் சமன் செய்த இடத்தில் புற்றுக்காளானைத் தேடவே வேண்டாம்.

புதுப் படிவத்தில் 'எதன்மேல் முளைத்தது' என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறார்கள். முளைக்காத புற்றுக்கு அதில் என்ன எழுதுவது என்று இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.