கரையில் நடக்கும் பாதிப் பந்தயம்

பாய்மரப் படகுப் போட்டிகளுக்கு நடுவராக இருக்கிறேன் என்று சொன்னதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "நடுக்கடலில் நின்று விசில் ஊதுவீர்களா?" ஊதுவதும் உண்டு. ஆனால் இந்த வேலையின் கனமான பகுதி கரைக்குத் திரும்பிய பிறகுதான் தொடங்கும். படகுகளை மேலே இழுத்துப் போட்டு, உப்புத் தண்ணீரைக் கழுவிவிட்டு, பிள்ளைகள் சாப்பிட உட்காரும் நேரத்தில், ஒரு சின்ன அறையில் மேசையைச் சுற்றி நாங்கள் மூன்று பேரோ ஐந்து பேரோ உட்கார்ந்திருப்போம். மேசை மேல் பொம்மைப் படகுகள். எதிரே இரண்டு படகோட்டிகள். அன்று மதியம் ஒரே காற்றில், கையெட்டும் தூரத்தில் இருந்தவர்கள். ஆனால் அவர்கள் சொல்வதைக் கேட்டால் இரண்டு வெவ்வேறு பந்தயங்களில் ஓடியவர்கள் போலத் தோன்றும்.

சமீபத்தில் தேசிய அளவிலான நடுவர் சான்றிதழ் கைக்கு வந்தது. வாழ்த்துச் சொன்னவர்களில் பலர் அது என்ன வேலை, எப்படி அதற்குள் போனீர்கள் என்று கேட்டார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் இந்த விளையாட்டின் அடிப்படை. கிரிக்கெட்டில் அம்பயர் ஆட்டத்துக்குள்ளேயே நிற்கிறார். படகுப் போட்டியில் ஐம்பது அறுபது படகுகள் கடலில் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குப் பரவிக் கிடக்கும். எல்லாவற்றையும் பார்க்க யாராலும் முடியாது. அதனால் விதிகளைக் காக்கும் பொறுப்பு படகோட்டிகளிடமே கொடுக்கப்பட்டிருக்கிறது. விதிப் புத்தகத்தில் முதலாம் விதி வருவதற்கு முன்பே இது எழுதியிருக்கும்: விதியை மீறியவர் உடனே தானாகவே தண்டனையை ஏற்க வேண்டும். வழி விட வேண்டிய இடத்தில் விடாமல் போனால், ஒதுங்கிப் போய் படகை இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். பந்தயப் பாதையைக் குறிக்கும் மிதவையைத் தொட்டுவிட்டால் ஒரு சுற்று. யாரும் பார்க்கவில்லை என்றாலும் இதேதான். ஒரு சின்னப் பையன் மிதவையை லேசாக உரசியதைப் பைனாகுலரில் பார்த்தேன். அவன் அருகில் ஒரு படகும் இல்லை. அவன் சுற்றி முடிப்பதற்குள் பின்னால் வந்தவர்கள் சிலர் முந்திப் போய்விட்டார்கள். அவன் முகத்தைக்கூடத் திருப்பவில்லை, தொடர்ந்து ஓட்டினான். இந்த விளையாட்டின் மேல் எனக்குப் பிடிப்பு விழுந்தது அப்போதுதான்.

ஒருவர் தன் தவறை ஏற்கவில்லை என்றால்தான் நாங்கள் வருகிறோம். பாதிக்கப்பட்டவர் அந்த இடத்திலேயே "புரொடெஸ்ட்", அதாவது புகார், என்று உரக்கச் சொல்ல வேண்டும். பெரிய படகாக இருந்தால் சிவப்புக் கொடியும் காட்ட வேண்டும். ஆறு மீட்டருக்குக் குறைந்த படகுகளுக்குக் கொடி தேவையில்லை, குரல் போதும். கரைக்கு வந்து குறித்த நேரத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இவையெல்லாம் சரியாக நடந்ததா என்பதைத்தான் விசாரணையில் முதலில் பார்ப்போம். சில புகார்கள் அங்கேயே நின்றுவிடும்.

நான் இதற்குள் வந்தது மகளால். அவள் ஆப்டிமிஸ்ட் ஓட்டினாள். பதினைந்து வயது வரையான பிள்ளைகளுக்கான படகு அது, ஒரு பெரிய பெட்டி போல இருக்கும், நீளம் இரண்டே கால் மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். சென்னைத் துறைமுகத்துக்குள் இருக்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பில் பழகினாள். 1911-ல் அந்தக் கிளப்பைத் தொடங்கியவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். அப்போது துறைமுகக் கழகத்தின் தலைவராக இருந்தவர். மறு ஆண்டு அதே அலுவலகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்குக் கணக்கு எழுத ஒரு இளைஞர் சேர்ந்தார், பெயர் ராமானுஜன். அவருடைய கணிதத்துக்கு ஸ்பிரிங் துணை நின்ற கதை நம் ஊரில் பலருக்குத் தெரியும். அதே மனிதர்தான் படகுக் கிளப்பையும் தொடங்கினார் என்பது அவ்வளவாகத் தெரியாது.

பிள்ளைகள் கடலுக்குள் போனதும் பெற்றோர்களுக்கு வேறு வேலை இருக்காது. முடிவுக் கோட்டில் பாய் எண்களைக் குறிக்க ஆள் வேண்டும் என்று கேட்டார்கள், போனேன். எண்களைக் குறிப்பதில் தொடங்கி, கொடி ஏற்றுவது, மிதவை போடுவது என்று பழகிக்கொண்டேன். ஆனால் நடுவர் அறைக்குள் உடனே போக முடியாது. என் பிள்ளை ஓடும் போட்டியில் எனக்குச் சொந்த அக்கறை இருக்கிறது, அப்படி இருப்பவர் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் உட்காரக் கூடாது என்பது விதி. மகள் கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்கு அந்தக் கதவு திறந்தது. அதுவரை விதிப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். இந்த விளையாட்டின் உலக அமைப்பான வேர்ல்ட் செய்லிங் அதைத் தன் இணையதளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது.

அந்தப் புத்தகம் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும். இப்போது நடப்பில் இருப்பது 2025 முதல் 2028 வரைக்கானது. 2021-ல் வந்த மாற்றத்தில், தொடக்கக் கோட்டையும் முடிவுக் கோட்டையும் கடப்பதற்குப் படகின் உடல் மட்டுமே கணக்கு, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பும் ஓட்டுபவரின் கையும் கணக்கில்லை என்று ஆனது. 2025-ல் புகார், விசாரணை பற்றிய ஐந்தாம் பகுதியை முழுக்கத் திருத்தி எழுதிவிட்டார்கள். பழைய எண்களை மனப்பாடமாக வைத்திருந்த மூத்த நடுவர்களும் என்னைப் போன்ற புதியவர்களும் ஒரே வரிசையில் உட்கார்ந்து படித்தோம்.

இந்தியாவில் இதற்கான வகுப்புகளையும் தேர்வையும் யாட்டிங் அசோசியேஷன் ஆஃப் இந்தியா பார்த்துக்கொள்கிறது. வகுப்பில் சொல்லித் தருவதும் எழுத்துத் தேர்வும் ஒரு பக்கம். மூத்த நடுவர்களோடு ரெகாட்டாக்களில், அதாவது பல பந்தயங்கள் சேர்ந்த படகுப் போட்டிகளில், உட்கார்ந்து வேலை செய்து, அவர்கள் நம்மைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பது இன்னொரு பக்கம். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரியது. தேர்வில் ஒரு சம்பவத்தைப் படமாகக் கொடுத்துவிடுவார்கள். நிஜத்தில் அந்தப் படத்தை நாம்தான் வரைய வேண்டும்.

அடிக்கடி வரும் வழக்கு ஒன்றைச் சொல்கிறேன். பத்தாம் விதி: காற்று இடப்பக்கத்திலிருந்து அடிக்கும் படகு, வலப்பக்கத்திலிருந்து அடிக்கும் படகுக்கு வழி விட வேண்டும். முதல் நாளே பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் விதி இது. இரண்டு படகுகள் எதிரெதிர்க் கோணத்தில் நெருங்குகின்றன. வலப்பக்கக் காற்றில் வரும், உரிமையுள்ள பெண், "நான் திருப்பாமல் இருந்திருந்தால் இடித்திருப்போம்" என்கிறாள். பையன், "நான் தாராளமாக முன்னால் கடந்திருப்பேன், அவள் தேவையில்லாமல் திருப்பினாள்" என்கிறான். மோதல் நடக்கவே இல்லை. நடக்காத ஒன்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

வேர்ல்ட் செய்லிங்கின் வழக்குத் தொகுப்பில் ஐம்பதாவது வழக்கு இதைத்தான் பேசுகிறது. உரிமையுள்ள படகு திசை மாற்றவும் இல்லை, மோதிவிடுமோ என்ற நியாயமான அச்சமும் அதற்கு இல்லை என்றால் புகாரைத் தள்ளிவிட வேண்டும். திசை மாற்றியது, மாற்றாமல் இருந்தால் மற்றது தப்பியிருக்குமா என்பதில் நியாயமான சந்தேகம் இருக்கிறது என்றால், வழி விட வேண்டிய படகுக்குத் தகுதி நீக்கம். அதாவது சந்தேகத்தின் பலன் உரிமையுள்ளவருக்கு. முதல் முறை படித்தபோது எனக்கு ஒருமாதிரி இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்குத்தானே சந்தேகத்தின் பலன் என்று பழகிய மனசு. யோசித்துப் பார்த்தால் இதுதான் சரி. இல்லாவிட்டால், தன் உரிமையை நிரூபிக்க அந்தப் பெண் நேராகப் போய் மோதிக் காட்ட வேண்டியிருக்கும்.

அப்புறம் கணக்கு. கடலில் வேகத்தை நாட் என்ற அளவில் சொல்வார்கள். ஒரு நாட் என்றால் நொடிக்கு அரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். மிதவையைச் சுற்றி மூன்று படகு நீளத்துக்கு ஒரு வட்டம் உண்டு. அதற்குள் முதல் படகு நுழையும்போது யார் உள்பக்கம் இருக்கிறார்களோ அவர்களுக்கு இடம் விட வேண்டும். ஆப்டிமிஸ்டுக்கு அந்த வட்டம் ஏழு மீட்டர். மூன்று நாட்டில் வந்தால் அதைக் கடக்க ஐந்து நொடிகூட ஆகாது. "வட்டத்துக்குள் வந்த பிறகு நான் மூன்று முறை கத்தினேன், அவன் திரும்பிப் பார்த்தான், பதில் சொன்னான், அப்புறம்தான் உரசினோம்" என்று ஒரு பிள்ளை சொல்லும்போது, நான் மனசுக்குள் நொடிகளை எண்ணிப் பார்ப்பேன். பொருந்தாது. அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. வட்டத்துக்கு வெளியே தொடங்கியது அவன் நினைவில் உள்ளே நடந்ததாகப் பதிந்திருக்கிறது, அவ்வளவுதான். பொம்மைப் படகை மேசையில் நகர்த்தி, "நீ கத்தியபோது உன் படகு எங்கே இருந்தது, வைத்துக் காட்டு" என்று கேட்டால், பல வேளைகளில் அவனே சரியான இடத்தில் வைத்துவிடுவான்.

இந்தக் கேள்வியைக் கேட்கும் விதம்தான் நடுவரின் கைத்திறன் என்று நினைக்கிறேன். "அப்போது நீ அவனுக்குப் பின்னால்தானே இருந்தாய்?" என்று கேட்டால் பதிலை நாமே கொடுத்துவிட்டோம். "அடுத்து என்ன பார்த்தாய்?" என்பது போதும். சிறுவர்கள் என்றால் கூட ஒரு பெரியவரைப் பார்வையாளராக உட்கார அனுமதிப்போம். அவர் பேசக் கூடாது, சைகை காட்டவும் கூடாது. சில அப்பாக்களுக்கு அது பெரிய சோதனை.

எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு நாங்கள் எழுதுவது மூன்று பகுதி: நடந்தது என்ன, அதற்குப் பொருந்தும் விதி எது, முடிவு என்ன. நடந்ததை எழுதும் இடத்தில் "அலட்சியமாக", "வேண்டுமென்றே" மாதிரியான சொற்களுக்கு இடமில்லை. இரண்டு படகுகளும் எத்தனை நீளம் தள்ளி இருந்தன, காற்று எவ்வளவு, யார் எப்போது திரும்பினார்கள் என்று எழுத வேண்டும். அந்தத் தாளை மட்டும் வைத்து வேறொருவர் படம் வரைந்தால் அதே சம்பவம் வர வேண்டும். அரைப் பக்கத்துக்கு ஒரு மணி நேரம் போவது சாதாரணம். தீர்ப்பை வாசிக்கும்போது தோற்ற பிள்ளையின் முகத்தைப் பார்த்துத்தான் வாசிப்பேன். தன் பக்கத்தை முழுக்கக் கேட்டார்கள் என்பது அவனுக்குத் தெரிய வேண்டும்.

தண்ணீரில் விசில் ஊதுவது பெரும்பாலும் நாற்பத்திரண்டாம் விதிக்கு. படகைக் காற்றும் அலையும்தான் நகர்த்த வேண்டும், உடம்பால் நகர்த்தக் கூடாது. பாயை விசிறி போல் இழுத்து இழுத்து விடுவது, படகை ஆட்டுவது, சுக்கானைத் துடுப்பாக அசைப்பது எல்லாம் தடை. ரப்பர் படகில் இரண்டு நடுவர்கள் போவோம். இருவருக்கும் உறுதியாகத் தெரிந்தால்தான் விசில், மஞ்சள் கொடி, பாய் எண். முதல் முறை இரண்டு சுற்று, அதே ரெகாட்டாவில் இரண்டாம் முறை என்றால் அந்தப் பந்தயத்திலிருந்தே விலக வேண்டும். கடற்காற்று எழுவதற்கு முன் காற்று செத்துக் கிடக்கும் நேரத்தில்தான் ஓட்டுபவர்களுக்குக் கை துறுதுறுக்கும். வெயிலில் கண் கூசக் கூச ஒரே பாயைப் பார்த்துக்கொண்டிருப்பது உடம்புக்குச் சிரமமான வேலை, ஒத்துக்கொள்கிறேன்.

நடுவர்கள் தண்டனை கொடுக்க மட்டும் இல்லை. தன் தவறில்லாமல் இடத்தை இழந்தவருக்கு அதைத் திருப்பிக் கொடுக்கவும் எங்களுக்கு அதிகாரம் உண்டு. 1988 சியோல் ஒலிம்பிக்கின் படகுப் போட்டிகள் பூசானில் நடந்தன. கனடாவின் லாரி லெமியூ, ஃபின் வகைப் பந்தயம் ஒன்றில் இரண்டாம் இடத்தில் ஓடிக்கொண்டிருந்தார். காற்று கடுமையாகிவிட்டது. வேறொரு பந்தயத்தில் ஓடிய சிங்கப்பூர்க்காரர்கள் இருவரின் படகு கவிழ்ந்திருந்தது. அவர் தன் பாதையை விட்டு விலகிப் போய் அவர்களைத் தூக்கி, காவல் படகு வரும்வரை வைத்திருந்து ஒப்படைத்தார். அதன் பிறகே பந்தயத்துக்குத் திரும்பிப் பின்தங்கி முடித்தார். நடுவர் குழு அந்தப் பந்தயத்தில் அவருக்கு இரண்டாம் இடத்தையே கொடுத்தது. ஆபத்தில் இருப்பவருக்கு இயன்ற எல்லா உதவியும் செய்ய வேண்டும் என்பதுதான் புத்தகத்தின் முதல் விதி. அதைக் கடைப்பிடித்தவர் அதனால் தோற்கக் கூடாது. பதக்கம் அவருக்குக் கிடைக்கவில்லை, மொத்தத்தில் பதினோராவது இடம். ஆனால் அன்று அந்தக் குழுவில் உட்கார்ந்திருந்தவர்களை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போடும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்!

அடுத்த படி சர்வதேச நடுவர். வேர்ல்ட் செய்லிங் நான்கு ஆண்டுகளுக்கு நியமிக்கும். கருத்தரங்கு, தேர்வு, பெரிய போட்டிகளில் அனுபவம், மற்ற நடுவர்களின் பரிந்துரை எல்லாம் வேண்டும். சர்வதேச ஜூரி என்றால் குறைந்தது ஐந்து பேர், அதில் பெரும்பான்மை சர்வதேச நடுவர்கள், பெரும்பாலும் ஒரு நாட்டிலிருந்து இரண்டு பேருக்கு மேல் கூடாது. அதன் முடிவுக்கு மேல் முறையீடு கிடையாது. பொதுவாக இது சம்பளமில்லாத வேலை, பயணமும் தங்குமிடமும் கிடைக்கும். எனக்கு அங்கே போக ஆசை இருக்கிறது. அவசரமில்லை.

அவசரம் வேறொன்றில் இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்குக்கு இந்தியாவிலிருந்து போன நான்கு படகோட்டிகளில் நேத்ரா குமணனும் வருண் தக்கரும் கே.சி.கணபதியும் சென்னைக்காரர்கள், விஷ்ணு சரவணன் வேலூரில் பிறந்தவர். இவ்வளவு ஓட்டுபவர்கள் வரும் மாநிலத்தில், தமிழில் விசாரணை கேட்கக்கூடிய நடுவர்கள் இன்னும் நிறைய வேண்டும். விதிகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன, விசாரணையும் ஆங்கிலத்தில் நடக்கிறது. தண்ணீரில் அத்தனை தெளிவாக முடிவெடுத்த பிள்ளை, அறைக்குள் வந்ததும் "ஐ வாஸ்... ஹீ வாஸ்..." என்று நிற்கும். நன்றாக ஆங்கிலம் பேசும் பிள்ளையின் வழக்கு பலமாகத் தெரியும். அப்படி நடக்க விடவே கூடாது. நான் இருக்கும் குழுவில், "தமிழில் சொல்லும்மா, நான் இவர்களுக்குச் சொல்கிறேன்" என்று தலைவரின் அனுமதியோடு முதலிலேயே சொல்லிவிடுவேன். எதிர்த்தரப்புப் பிள்ளைக்குப் புரியும்படி ஒவ்வொரு வாக்கியமாக மொழிபெயர்ப்பேன், விட்டுப்போனது உண்டா என்று இருவரிடமும் கேட்பேன். விசாரணை நீளும். நீளட்டும்.

கடல் தெரிந்தவர்கள், படகோட்டிய பிள்ளைகளின் பெற்றோர்கள், ஓட்டுவதை விட்டுவிட்ட பழைய ஆட்கள் யாராவது இதைப் படித்தால், பக்கத்தில் நடக்கும் ரெகாட்டாவுக்கு ஒருநாள் வந்து பாருங்கள். முடிவுக் கோட்டில் எண் குறிக்க எப்போதும் ஆள் தேவைப்படும். தொப்பியும் தண்ணீரும் கொண்டு வாருங்கள், மாலையில் கொஞ்சம் தாமதமாகத்தான் வீட்டுக்குப் போக முடியும் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.