துட்டு அங்கேயும் துட்டுதான்

ராயபுரம், மண்ணடிப் பக்கத்திலிருந்து கோலாலம்பூருக்கு வேலைக்குப் போகிறவர் மலாய்ப் பலகைகளைப் பார்த்து மிரள வேண்டாம். மலாயில் நம்ம சொல் சரக்கு நிறைய இருக்கிறது. பணத்துக்குப் பேச்சு வழக்கில் டூயிட். டச்சுக் கம்பெனியின் செப்புக்காசு அது. 1613இல் பழவேற்காட்டில் கோட்டை எழுப்பிய அதே கம்பெனிதான். நமக்குத் துட்டு, அவர்களுக்கு டூயிட். கெடாய் என்றால் கடை, காப்பால் கப்பல், காத்தில் கட்டில், குடாங் கிடங்கு. இந்தக் குடாங்தான் வெள்ளைக்காரன் வாயில் புகுந்து, துறைமுகத்துப் பக்கம் குடோனாகத் திரும்பி வந்தது என்பார்கள். ஜெண்டேலாவும் அல்மாரியும் இரு ஊருக்கும் போர்த்துகீசியர் தந்த ஜன்னல், அலமாரி.

தெரிந்த மாதிரி இருக்கும் சொல்தான் காலை வாரும். தாலி என்றால் வெறும் கயிறு. 'தாலி லெஹெர்' கழுத்தில் கட்டும் டை. காக்கி என்றால் போலீஸ் இல்லை, கால். கிளினிக்கில் 'காக்கி சாகித்' என்றால் கால் வலி. 'கூலி' அங்கே ஆளைக் குறிக்கும், அதுவும் இளக்காரமாக. சம்பளம் கேட்க 'காஜி' என்றே சொல்லவும். டோபி என்று பலகை பார்த்தால் பல இடங்களில் உள்ளே ஆள் இருக்க மாட்டார், காசு போட்டால் ஓடும் துணி துவைக்கும் மெஷின்கள் இருக்கும்.

டீக்கடை விஷயம் தனி. தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் கடைக்கு மாமாக் என்று பெயர், நம்ம மாமாவேதான். வெறும் 'தே' கேட்டால் டின் பால் ஊற்றித் தருவார்கள். 'சக்கரை போடாதீங்க' என்றாலும் இனிக்கும், ஏனென்றால் இனிப்பு அந்தப் பாலுக்குள்ளேயே இருக்கிறது. சர்க்கரைக்காரர் 'தே ஓ கொசோங்' கேட்கணும்: பாலும் இல்லை, சீனியும் இல்லை. 'ஓ' ஹொக்கியன் சீனத்தில் கறுப்பு, 'கொசோங்' மலாயில் காலி. பால் வேண்டும், இனிப்பு வேண்டாம் என்றால் 'தே சி கொசோங்'. இனிக்காத கெட்டிப்பால் வரும். கொஞ்சம் இனிக்கலாம் என்றால் 'கூராங் மானிஸ்'. பார்சலுக்கு 'புங்குஸ்'. சீனர் கடையில் 'தாபாவ்'.

மலேசியத் தமிழரிடம் இதெல்லாம் தேவையில்லை, தமிழே போதும். காலையில் அவர்கள் 'பசியாறியாச்சா?' என்றால் பதறாதீர்கள். நாஷ்டா ஆச்சா என்றுதான் கேட்கிறார்கள்.